இசையின் உரிமையும் எழுத்தின் கடமையும்

மரபை மீறுவதற்கு எழுத்தாளனுக்கு உரிமை உண்டு என்பதை இன்று மறுப்பார் அரியர். ஆயினும், அவ்வுரிமைக்கு ஈடாக அவன் ஆற்ற வேண்டிய கடமை யாது என்னும் வினாவுக்கு விடை எளிதிற் கிடைப்பதில்லை. ஜாஸ் இசையின் வழியில் எழுந்த சோதனைப் புனைகதைகள் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றன. ஏனெனில், கட்டற்ற விடுதலையின் சின்னமாகவே அவ்விசை பலராலும் கருதப்படுகிறது.

அக்கருத்துப் பாதி உண்மையே. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களிடையே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருப்பெற்றது ஜாஸ். அதில் கலைஞன் வாசிக்கும் கணத்திலேயே புதிய இசையைப் படைக்கிறான். கருநாடக இசைவாணர் மனோதர்மம் என்று வழங்குவதற்கு இது நெருக்கமானது. ஆனால் அவன் வெற்றுவெளியில் வாசிப்பதில்லை. பெரும்பாலும் 12 அல்லது 32 தாளக்கட்டங்கள் கொண்ட ஒரு சுற்று திரும்பத் திரும்ப வருகிறது. அச்சுற்றின் எல்லையை அவன் அறிந்திருக்க வேண்டும். உடன் வாசிப்போரைக் கணந்தோறும் செவிமடுத்து மறுமொழி தர வேண்டும். சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கர், இளமையில் மூன்று நான்கு ஆண்டுகள் நாள்தோறும் 11 முதல் 15 மணி நேரம் பயின்றதாகக் கூறியிருக்கிறார். பறவைபோல் எழும்பிய அவருடைய இசைக்கு அடித்தளம் அவ்வுழைப்பே.

பறத்தலைக் கண்டு உழைப்பைக் காணாதிருத்தல் எழுத்துலகில் நேர்வதுண்டு. ஜாக் கெரோவாக்கின் ‘ஆன் த ரோட்’ என்னும் புதினம் இங்கு எண்ணத்தக்கது. 1951 ஏப்ரலில், தாள்களை ஒட்டி ஏறத்தாழ 120 அடி நீளச் சுருளாக்கி, மூன்றே வாரங்களில் அவர் அதனைத் தட்டச்சுச் செய்தார். மூச்சுள்ளவரை ஊதும் ஜாஸ் கலைஞனைப்போல் தடையின்றி எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. அம்மூன்று வாரங்கள் பெரும்புகழ் பெற்றன. ஆனால் அவற்றிற்கு முன் ஆண்டுக்கணக்கில் குறிப்பேடுகளும் முன்வரைவுகளும் இருந்தன. 1957இல் நூல் வெளிவருமுன் திருத்தங்களும் நிகழ்ந்தன. விரைவை மட்டும் பின்பற்றுவோன் தன் சோம்பலுக்குச் சோதனை என்று பெயர் சூட்டிவிடக் கூடும்.

அவ்வாறாயின், உழைப்பு ஒன்றே போதுமா? போதாது என்பதை அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தாஸார் காட்டுகிறார். 1959இல் நூலாக்கம் பெற்ற ‘துரத்துபவன்’ என்னும் அவருடைய நெடுங்கதையின் நாயகன் ஜானி கார்ட்டர், 1955இல் தம் 34ஆம் வயதில் மறைந்த பார்க்கரின் சாயல் கொண்டவன். கதையைச் சொல்பவனோ புரூனோ என்னும் இசை விமர்சகன். ஜானியின் வாழ்க்கையை நூலாக எழுதிப் புகழ் பெற்றவன். அந்நூலில் தான் இல்லை என்று ஜானி குறைகூறுகிறான். அதில் உண்மை இருப்பதைப் புரூனோ உணர்கிறான். உணர்ந்தும் இரண்டாம் பதிப்பைத் திருத்தாது விடுகிறான். அவனுக்குப் புலமையில் குறைவில்லை. பிறன் குரலுக்கு இடம் தரும் மனமே இல்லை. ஒருவனுடைய துன்பம் மற்றொருவனுடைய நூலுக்குப் பொருளாகும்போது, எழுதுவோன் பட்ட கடன் எத்தகையது என்பதை வாசகர் அங்கே காண்கின்றனர்.

இதற்கு மறுதலையாக நிற்பது ஜேம்ஸ் பால்ட்வின் 1957இல் வெளியிட்ட ‘சன்னியின் ப்ளூஸ்’ என்னும் சிறுகதை. அதில் கதை சொல்பவர் ஹார்லெமில் இயற்கணிதம் கற்பிக்கும் ஆசிரியர். தம்பி சன்னி போதைப்பொருள் குற்றத்திற் கைதானதைச் செய்தித்தாளிற் படித்து அறிகிறார். இசையே தன் வாழ்வென்று அத்தம்பி முன்பு கூறியபோது, அதனால் பிழைக்க இயலுமா என்றே அவர் எண்ணினார். இறுதியில் ஓர் இரவு விடுதியில், நெடுநாள் பியானோவைத் தொடாதிருந்த சன்னி தடுமாறுகிறான். உடன் வாசிக்கும் மூத்தவர் கிரியோல் அவனைக் கைவிடவில்லை; அவனுக்காகத் தாமே வாசித்துவிடவும் இல்லை. ஆழத்திற்கு அழைத்துச் சென்று, அவன் நீந்தும்வரை காத்திருக்கிறார். தமையன் அன்றுதான் தம்பியின் குரலைக் கேட்கிறார். கற்பிப்போர் அனைவரும் எண்ணிப்பார்க்க வேண்டிய காட்சி இது.

டோனி மோரிசன் 1992இல் வெளியிட்ட ‘ஜாஸ்’ என்னும் புதினம் அக்கேட்டலை வடிவமாகவே ஆக்குகிறது. 1926ஆம் ஆண்டின் ஹார்லெமில் நிகழும் அக்கதையின் கரு தொடக்கத்திலேயே கூறப்பட்டுவிடுகிறது. பின்னர், ஒரே மெட்டைப் பல கருவிகள் மாறி மாறி ஏற்பதுபோல், பல குரல்கள் அதனை ஏற்று விரிக்கின்றன. பெயரற்ற கதைகூறி, மீண்டும் ஒரு கொலை நிகழும் என்று உறுதியாக நம்புகிறது. கதைமாந்தரோ தம் வழியே நடந்து, ஒருவரை ஒருவர் மன்னிக்கக் கற்கின்றனர். அவர்களைத் தான் தவறாக மதித்ததைக் கதைகூறி ஒப்புக்கொள்கிறது. இங்குச் சோதனை என்பது வெறும் அணியன்று. மனிதரை முழுதும் அறிந்ததாகத் தருக்கலாகாது என்னும் அறமே நடையாக மாறியுள்ளது.

கலையை அறத்தின் துலாக்கோலில் நிறுத்தலாகாது என்பார் உளர். அறவுரை புகட்டாத கதை தாழ்ந்தது என்று கூறின், அவர் மறுப்பு முற்றும் பொருந்தும். ஆனால் இங்குக் கேட்கப்படுவது அறவுரையன்று. சுற்றின் எல்லையை மறந்து, உடன் வாசிப்போரையும் மறந்து ஊதுபவனின் இசை இசையாகவே தோற்கிறது. அவ்வாறே, தன் மாந்தரையும் வாசகரையும் கேளாத சோதனை கலையாகவே தோற்கிறது. வாசகருக்குக் கடினமாயிருத்தல் குற்றமன்று. மீண்டும் படிப்போர்க்குப் புதிதாக ஒன்றும் தாராத கடினமே குற்றம்.

வள்ளுவர் கல்வியையும் கல்லாமையையும் கூறியபின் கேள்விக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். நூல் கற்றோர்க்கும் செவி வேண்டும் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். புதுமை செய்ய விழையும் எழுத்தாளன் எந்த விதியையும் மீறலாம். எனினும், எதனை மீறினேன் என்று கணக்கிடுவதற்கு முன், எவரைக் கேட்டேன் என்று அவன் தன்னை வினவிக்கொள்ளுதல் வேண்டும். அவ்வினாவுக்கு நேர்மையாக விடை கூற வல்லவனுக்கே அவ்வுரிமை முழுமையாக உரியதாகும்.