பிடி தளர்ந்த குட்டி

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்களுக்குக் குரங்கையும் பூனையையும் வைத்து நடக்கும் வாதம் புதிதல்ல. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகிறது. மோட்சத்துக்கு நம் பங்கும் வேண்டும் என்பார்கள் ஸ்ரீவைஷ்ணவர்களில் வடகலையார். அருள் காரணம் பார்த்து வருவதில்லை என்பார்கள் தென்கலையார். திண்ணைப் பேச்சாக நான் கேட்டு வளர்ந்த இந்த வழக்கு, என் தம்பி குடிக்க ஆரம்பித்ததும் எங்கள் வீட்டு வழக்காயிற்று.

அவன் விஷயத்தில் உறவுக்காரர்கள் எல்லோருமே குரங்குக் கட்சி. "மனசை அடக்கிண்டா ஆச்சு, இதுக்கு எதுக்குடா டாக்டர்?" என்பார் பெரியப்பா. அடக்கிப் பார்க்காதவனா அவன்? ஒரு தடவை வைராக்கியமாக ஒரேயடியாக நிறுத்தினான். முதலில் கை நடுக்கம். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் சட்டையெல்லாம் சிந்தியது. மூன்றாம் நாள் ராத்திரி, போர்வையில் இல்லாத எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். மது மூளையை மந்தமாக்கும். வருஷக்கணக்கில் குடித்தவரின் மூளை, அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிவைத்திருக்கும். மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரும் போகலாம். ஆகவே நாள்பட்ட குடியை மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். மனவுறுதியே ஆளைக் கொல்லக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அப்படியானால் பூனைக் கட்சிதான் சரியா? தம்பி பிறகு சேர்ந்தது, குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில். அதன் 12 படிகளில் முதலாவது, மதுவின் முன் நாம் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்வது. சரணாகதிக்கு நம் பெரியவர்கள் சொன்ன அங்கங்களில் ஒன்றான கார்ப்பண்யமும் கிட்டத்தட்ட இதுதான்: எனக்கு வேறு கதியில்லை என்ற உணர்வு. ஆனால் அந்தப் படிகள் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதில்லை. யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியல் போடச் சொல்கிறது 8ஆம் படி. ஈடு செய்யச் சொல்கிறது 9ஆம் படி. தம்பியின் பட்டியலில், அடகுக்கடையில் மூழ்கிப்போன என் வளையல்களும் இருந்தன.

சக்தியே இல்லாதவன் எப்படிப் படி ஏறுவான்? இதற்கு வடகலையாரின் ஆசாரியரான வேதாந்த தேசிகர் வழியில் ஒரு விடை உண்டு. அருளுக்கு நம் செயல் விலையாகாது. அது வெறும் வியாஜம், ஒரு சின்னச் சாக்கு.

அந்த அமைப்பு பிறந்ததும் அப்படியொரு சின்னச் சாக்கில்தான். 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வியாபாரம் கைவிட்டுப்போன அதன் நிறுவனர் பில் வில்சன் ஓட்டல் முகப்பில் நின்றார். குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் பார். இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் ஒரு பாதிரியாருக்குப் போன் செய்தார். அந்தத் தொடர்பு, குடியோடு போராடிக்கொண்டிருந்த டாக்டர் பாப் ஸ்மித்திடம் கொண்டுபோய்விட்டது. டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் தேதியையே அமைப்பின் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள். பில் தேடியது தன்னைக் காப்பாற்ற ஒருவரை அல்ல. தான் உதவக்கூடிய இன்னொரு குடிகாரரை. கவ்வப்பட்ட குட்டி மற்றொன்றைக் கவ்வித்தான் பிழைக்கிறது. எங்கள் திண்ணை வாதத்தில் இந்தக் குட்டி வந்ததே இல்லை. தம்பி இன்று கூட்டங்களில் புதிதாக வருபவர்களுக்கு நாற்காலி போட்டுத் தருகிறான். நடுவே ஒரு முறை சறுக்கியபோதும் அந்தக் கூட்டத்தாரிடம்தான் போனான்.

வீட்டில் யாராவது இப்படித் தவித்தால், "உனக்கு வைராக்கியம் போறாது" என்பதை நிறுத்துங்கள். முதலில் மருத்துவர், பிறகு கூட்டம். மதுவோ வேறு போதையோ, 14446 என்ற இலவச எண்ணில் வழி கேட்கலாம். மனச்சோர்வுக்கு டெலி மானஸ் 14416. பிரார்த்தனையையும் விட வேண்டாம். பெருமாள் டெலிபோன் வழியாக வரமாட்டார் என்று எந்தக் கலையாரும் சொன்னதில்லை.