வலியவர் ஏன் வீழ்கின்றனர்?

சிறுவர்க்கான மாயக் கதைகளில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணற்ற படையும் குறையாத பொன்னும் கொண்ட பேரரசு ஒன்று இருக்கும். அதை எதிர்த்து நிற்போர் ஒரு சிற்றூர் மக்கள், பெற்றோரை இழந்த ஒரு சிறுவன், காட்டில் மறைந்து வாழும் ஒரு சிலர். கதையின் முடிவில் பேரரசு வீழ்ந்துவிடும். பிள்ளைகள் மகிழ்வர். பெரியவர்களோ, "இது கதாசிரியரின் கருணை, உலகில் வலியவனே வெல்வான்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவர். அவர்கள் கூற்று முற்றிலும் உண்மைதானா?

விடை தேடி நாம் மாயவுலகுக்குச் செல்ல வேண்டியதில்லை. இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு இரவும் பகலும் சரக்கு லாரிகள் ஓடும் இதே நிலத்தின் வழியாக, 1780ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு படை நடந்து சென்றது. அது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை. குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி என்பவர் அதை நடத்தி வந்தார். படையில் ஏறத்தாழ 2,800 பேர் இருந்தனர். பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்களே.

கம்பெனி அப்போது தன்னை வெல்ல ஒருவருமில்லை என்று எண்ணியிருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. 1757இல் பிளாசியில் வென்றது. 1764இல் பக்சாரில், தன்னைவிடப் பன்மடங்கு பெரிய படையை முறியடித்தது. பக்சாரில் வென்ற தளபதி ஹெக்டர் மன்றோவே 1780இல் சென்னைப் படைகளுக்குத் தலைவர். எண்ணிக்கை ஒரு பொருட்டல்ல என்பது அவர்கள் பட்டறிந்த பாடம். ஆகவே ஹைதர் அலியின் படை எண்ணிக்கையில் மிகப் பெரிது என்று தெரிந்திருந்தும், மைசூர் அவர்கள் கணக்கில் எளிய எதிரியாகவே நின்றது.

இப்போர் திடீரென்று மூண்டதன்று. 1769இல் சென்னையின் வாயிலுக்கே வந்த ஹைதரோடு கம்பெனி உடன்படிக்கை செய்தது. ஒருவர்க்கொருவர் உதவுவதாக வாக்களித்தது. 1771இல் மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது அவ்வாக்குக் காற்றில் பறந்தது. 1779இல் ஹைதரின் எதிர்ப்பையும் மீறி மாஹே துறைமுகத்தைக் கம்பெனி கைப்பற்றியது. அதே ஆண்டில், தஞ்சையில் பணியாற்றிய லுத்தரன் சபைக் குரு சுவார்ட்ஸ் ஐயரைச் சென்னை அரசு ஹைதரிடம் தூதாக அனுப்பியது. ஹைதர் அவரை மதிப்புடன் வரவேற்று, மீறப்பட்ட வாக்குறுதிகளைப் பற்றிய தம் மனக்குறைகளை எழுதிக் கொடுத்தனுப்பினார். தூதர் திரும்பி வந்தார். சென்னையின் போக்கு மாறவில்லை. 1780 ஜூலையில் ஹைதரின் பெரும்படை கணவாய்களைக் கடந்து கர்நாடகச் சமவெளியில் இறங்கியது.

பெய்லி கும்மிடிப்பூண்டியைக் கடந்து கொசஸ்தலையாற்றின் வடகரையை அடைந்தபோது, ஆற்றில் நீர் மிகக் குறைவு. அன்றே கடந்திருக்கலாம். அவர் கரையிலேயே பாசறை அமைத்தார். மலைப்பகுதியில் பெய்த மழையால் ஆறு பெருகிற்று. ஒரு வாரத்துக்கும் மேலாகப் படை அக்கரையிலேயே முடங்கிற்று. மேற்கே மழை பெய்தால் இந்த ஆறு எப்படி மாறும் என்பதை அக்கரையில் வாழ்ந்த எந்த உழவரும் அறிந்திருப்பார். அவரைக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் வலியவர்க்கு எழுவது அரிது.

சென்னைக்கு அருகிலேயே படைகள் ஒன்றுகூடலாம் என்ற யோசனையும் தள்ளப்பட்டது. காஞ்சிபுரத்தில் கூடுவதே திட்டம். செப்டம்பர் 6ஆம் நாள், திருவள்ளூர் மாவட்டத்துப் பேரம்பாக்கத்தில் ஹைதரின் மகன் திப்பு பெய்லியைத் தாக்கினார். பெய்லி தாக்குப்பிடித்தார், ஆனால் உதவி இன்றி முன்னேற இயலாது என்று மன்றோவுக்கு எழுதினார். மன்றோவோ காஞ்சியில் தம் வீரர்க்குச் சோறு போடவே வழியின்றித் தவித்தார். ஆற்காட்டு நவாபு தருவதாகச் சொன்ன உணவுப் பொருள்கள் வந்து சேரவில்லை. கோயிலில் சேர்த்து வைத்த சிறிதளவு நெல்லைக் காக்கவேண்டி, முழுப் படையோடு புறப்படாமல், கர்னல் பிளெட்சரோடு ஏறத்தாழ 1,000 பேரை மட்டும் அனுப்பினார். பிளெட்சர் தம் வழிகாட்டிகளை நம்பாமல் வேறு வழியில் சுற்றி வந்ததால்தான் பெய்லியை அடைய முடிந்தது. அந்நாட்டில் கம்பெனிக்கு உண்மை சொல்ல ஆளில்லை. ஹைதருக்கோ கம்பெனிப் படையின் ஒவ்வொரு அசைவும் தெரிந்திருந்தது.

செப்டம்பர் 10ஆம் நாள் காலை, காஞ்சிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புல்லலூரில் எல்லாம் முடிந்தது. முந்திய இரவில் பெய்லி நடையை நிறுத்தி ஓய்ந்த நேரத்தில், திப்புவின் பீரங்கிகள் வழியில் நிலைகொண்டன. விடிந்ததும் ஹைதரின் முழுப் படையும் சூழ்ந்தது. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பிளெட்சர் மாண்டார். பெய்லி சரணடைந்து, 1782இல் சீரங்கப்பட்டணச் சிறையில் இறந்தார். பக்சாரின் வெற்றி வீரர் மன்றோ, தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சியின் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார்.

இத்தோல்விக்கு வரலாற்றாசிரியர் பல காரணங்கள் கூறுவர்: குதிரைப் படை இன்மை, உணவுத் தட்டுப்பாடு, ஆற்று வெள்ளம், தளபதிகளின் தயக்கம். யாவும் உண்மையே. எனினும் இவற்றின் அடியில் ஒரே வேர் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. எளியவன் பிறர் சொல்லைக் கேட்டே வாழவேண்டியவன். மழை எப்போது வரும், வழி எங்கே பிரியும், யார் நண்பர் என்று அவன் நாள்தோறும் விசாரிக்கிறான். வலியவனுக்கு அந்தத் தேவை குறைந்துகொண்டே போகிறது. கேட்காமலே வென்ற ஒவ்வொரு வெற்றியும் அவன் செவியைச் சிறிது அடைக்கிறது. ஒருநாள் கேட்க விரும்பினாலும் சொல்வதற்கு ஆள் இருப்பதில்லை. வலிமை தன் அழிவைத் தானே வளர்க்கும் வழி இதுவே.

இது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. அதே காலத்தில் அமெரிக்கக் குடியேற்றங்கள் 1775இல் சமாதான விண்ணப்பம் ஒன்றை இலண்டனுக்கு அனுப்பின. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அதை ஏற்றுக்கொள்ளவே மறுத்தார். 1781இல் யார்க்டவுனில் அவர் படை சரணடைந்தது. விவிலியத்திலும், சாலமோனின் மகன் ரெகபெயாம், முதியோரின் அறிவுரையைத் தள்ளி, மக்களின் சுமையைக் குறைக்க மறுத்தான். பகைவர் எவரும் படையெடுத்து வரவில்லை. பத்துக் குலங்கள் தாமே விலகிச் சென்றன. அரசனுக்கு இடித்துரைக்கும் துணை வேண்டும் என்று வள்ளுவரும் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் வற்புறுத்துகிறார்.

ஆயினும், எளியவர் வென்றால் அறம் வென்றுவிட்டது என்று நாம் அவசரப்பட்டு முடிவு செய்தலாகாது. ஹைதரின் குதிரைப் படை இப்பகுதி ஊர்களை எரித்தது, உழவரும் நெசவாளரும் வீடிழந்தனர், பஞ்சம் தொடர்ந்தது. வெற்றியும் நிலைக்கவில்லை. வங்காளத்திலிருந்து வந்த அயர் கூட் 1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்றார். 1799இல் சீரங்கப்பட்டணமே வீழ்ந்தது. தோற்ற கம்பெனி தன் படையைத் திருத்திக்கொண்டது. ஆனால் நாட்டு மக்களின் குறையைக் கேட்கக் கற்றதாகச் சொல்ல முடியாது. அந்தச் செவிட்டுத்தன்மைக்கான விலையைப் பின்னர் 1857இல் கொடுத்தது.

ஒன்றை மட்டும் நாம் மறக்கலாகாது. வலியவனின் செவிடு வலியவனை மட்டும் கொல்வதில்லை. பெய்லியின் பெயர் நூல்களில் இருக்கிறது. அவரோடு கொசஸ்தலையாற்றங்கரையில் காத்திருந்து, புல்லலூரில் மடிந்த சிப்பாய்களின் பெயர்களை நாம் எங்கே தேடுவோம்? முடிவெடுத்தவர்கள் அவர்களைக் கேட்கவில்லை. முடிவின் சுமையை அவர்களே சுமந்தனர்.

பேரரசு என்பது சிம்மாசனமும் படையும் மட்டுமன்று. தன் கீழ் நால்வரை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு சிறு பேரரசரே. இயந்திரத்தின் ஓசை மாறியிருக்கிறது என்று இரவுப் பணித் தொழிலாளி சொல்லும்போது, "உன் வேலையைப் பார்" என்று அதட்டும் மேற்பார்வையாளர் அவர்களில் ஒருவர். மகளின் மறுப்பைக் கேளாமலே மணம் பேசி முடிக்கும் தந்தை ஒருவர். மாற்றுக் கருத்துச் சொன்னவரை அடுத்த கூட்டத்துக்கு அழைக்க மறக்கும் பங்குப் பேரவைப் பெரியவரும் ஒருவர். இவர்களில் எவரும் உடனே தோற்பதில்லை. சொல்ல வந்தவர் வாய் மூடிக்கொள்கிறார். வீட்டிலும் ஆலையிலும் பேரவையிலும் அமைதி நிலவுகிறது. அந்த அமைதியை நாம் ஒற்றுமை என்று எண்ணி மகிழ்கிறோம்.

நம் சொல்லுக்கு மறுசொல் எழாத நாள் வந்துவிட்டால், நம் வலிமை முழுமை பெற்றுவிட்டது என்று மகிழ வேண்டாம். ஆற்றைப் பற்றி நமக்குச் சொல்லக்கூடியவர் யார், அவர் ஏன் நம்மிடம் வருவதை நிறுத்திவிட்டார் என்று அன்றே எழுந்து தேடிச் செல்வோம்.