நடப்போரும் நிலமும்

இங்கிலாந்தின் டாபிஷயர்ப் பகுதியிலுள்ள எடேல் கிராமத்திற் காலையில் தவறணை வாயிலிற் கூடி, கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் ஏறி நடந்து, மாலையில் அதே தவறணைக்கு மீளும் நடைக்குழுவினர் பலர். புறப்பட்ட இடத்திற்கே திரும்பும் இந்நடையாற் பயன் யாது என வினவுதல் இயல்பே.

ஆயின், ஒருகாலத்தில் இந்நடை தடுக்கப்பட்டிருந்தது. செல்வரின் பறவை வேட்டைக்கென அம்மேட்டுநிலம் அடைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24 இல் நூற்றுக்கணக்கான தொழிலாளர் தடையை மீறி அங்கு நடந்தனர். வேட்டைநிலக் காவலருடன் நேர்ந்த கைகலப்பையடுத்து ஐவர் சிறை சென்றனர். பின்னர் 1949 ஆம், 2000 ஆம் ஆண்டுச் சட்டங்கள் படிப்படியாக வழியைத் திறந்தன.

உடைமையுரிமை எதுவரை செல்லும்? விளைநிலத்தை மிதிப்பவன் உழவனின் உழைப்பை அழிக்கிறான். அவனைத் தடுத்தல் நீதி. பயிரிடாத மேட்டில் நடப்பவனோ எவருடைய உழைப்பையும் அழிப்பதில்லை. பறவைகள் கலையும் என்பர் உடைமையாளர். அடைகாக்குங் காலத்தில் ஒதுங்கி நடத்தல் கடமையே. ஆனால், கடமையைக் காட்டி உரிமையையே மறுத்தல் நியாயமாகாது.

எனவே, நடைக்குழு வெறுங்கையுடன் தவறணைக்கு மீளுதல் பயனின்மையன்று. நிலத்தை உடைமையாக்காமலே அதன் இன்பத்தைப் பலரும் நுகரலாம் என்பதற்கு அதுவே சான்று.