புரை

“விளக்கு அழுது வடியுது, பல்பை மாத்துடா” என்கிறார் தாத்தா. “போன வாரம்தானே தாத்தா மாத்தினோம்” என்கிறான் பேரன். இருவர் சொல்வதும் உண்மை.

கண்ணின் வில்லை விந்தையான உறுப்பு. தோல் உதிர்ந்து புதிதாகிறது. வில்லையோ எதையும் உதறுவதில்லை. தாயின் வயிற்றில் உருவான இழைகளின் மேலேயே ஆயுள் முழுதும் புது இழைகளைச் சுற்றிக்கொள்கிறது. உள்ளிருக்கும் புரதம் முதுமையில் திரண்டு பழுப்பேற, நீலம் மங்குகிறது. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கூசுகிறது. சிலருக்குச் சில காலம் கண்ணாடியில்லாமலே நாளிதழ் படிக்க வருகிறது. பார்வை திரும்பிவிட்டதென்று மகிழ்கிறார்கள், பாவம். அந்தக் கிட்டப்பார்வையைத் தருவதே முற்றிவரும் புரைதான்.

புண் வலித்துத் தன்னைச் சொல்லிவிடும். புரைக்கு வலியில்லை. நேற்றைய மங்கலுக்கும் இன்றைய மங்கலுக்கும் வேறுபாடு தெரியாதபடி சிறுகச் சிறுக நேர்வதால், ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் பழைய தெளிவு எதுவும் மிஞ்சுவதில்லை. எதைக்கொண்டு உலகைக் காண்கிறோமோ அதைக் காண நமக்கு வேறொரு கண் இல்லாததால், காணும் கருவியின் குறையைக் காணப்படும் பொருளின்மேல் ஏற்றி, முதலில் விளக்கையும், பிறகு அச்சையும், அதன்பின் அண்டை மனிதரையும், கடைசியில் காலத்தையே பழிக்கத் தொடங்குகிறோம். ஐம்பதைத் தாண்டியவர் கூடிப் பேசும் திண்ணைகளில் உலகம் எப்போதும் மங்கிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். குறள் ‘புரை’ என்பதைக் குற்றம் என்ற பொருளில் ஆள்கிறது. கண்ணோய்க்கும் அதே சொல் வாய்த்திருப்பதை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அப்படியானால் தெளிவு வந்ததும் மனம் நிறைந்துவிடுமா? பிரெஞ்சு ஓவியர் கிளோத் மொனேக்கு 1912இல் புரை கண்டறியப்பட்டது. ஜிவெர்னி தோட்டத்தில், தாம் முன்பு பசுமையாய்த் தீட்டிய அதே பாலத்தைப் பின்னாளில் செம்பழுப்புச் சுழலாகத் தீட்டினார். 1923இல் வலக்கண்ணில் அறுவை நடந்தது. ஒளி திரும்பியது, அவரோ எல்லாம் மிகையான நீலமாகத் தெரிகிறதென்று சலித்துக்கொண்டார். நெடுநாள் குடியிருந்த மங்கல் ஒரு வீடாகிவிடுகிறது. அதிலிருந்து வெளியேற்றப்படுவதை, அது ஒளிக்குள்ளேயே என்றாலும், நம் நெஞ்சு ஒரு துரத்தலாகவே உணர்கிறது.

இடக்கண்ணில் அறுவை செய்ய மொனே கடைசிவரை இசையவில்லை.