துருவும் வர்ணமும்

பழைய வண்டியொன்றுக்கு வீட்டு முற்றத்தில் வைத்து வர்ணம் பூசுவதும் ஓர் அறநெறிப் பிரச்சினை என்றால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். ஆயினும் பதுளை, பசறை, ஹாலிஎலத் தோட்டங்களில் அது அரிய காட்சியல்ல. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடையில் பழைய முச்சக்கர வண்டிகளும் விலை ஏறின. நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராடிய குடும்பத்துப் பிள்ளை, கையிலிருக்கும் வண்டியைத் தானே பேண முற்படுவதில் வியப்பென்ன?

முதன்முறை இதில் இறங்குகிறவன், நிறம் பூசுவதுதான் வேலை என்று எண்ணுகிறான். உண்மையில் வேலையின் பெரும்பகுதி சுரண்டுவது. (இச்சொல்லை நாம் வேறு பொருளிலேயே வழங்கிப் பழகிவிட்டோம்!) கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, 80 ஆம் இலக்க உப்புத்தாளில் தொடங்கி 400 வரை படிப்படியாகச் சென்று, பள்ளங்களுக்குப் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, அது காய்ந்த பின்னரே நிறம். அதுவும் ஒரே கனத்த பூச்சாக அன்றி, மெல்லியதாக மூன்று நான்கு முறை. துருவை மிச்சம் வைத்து மூடினாலோ பயனில்லை. இரும்பைவிடத் துரு அதிக இடம் கொள்வது. உள்ளேயிருந்து பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

'துரு' என்ற சொல் ஊவாவுக்குப் புதிதன்று. 1869 இல் மடுல்சீமையில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாகக் காணப்பட்ட நோய்க்கும் அதே பெயர்தான். அந்நோய் கோப்பியை அழிக்க, துரைமார் தேயிலைக்கு மாறினர். பயிர் மாறியது, லயம் மாறவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு ஒழுகும் தகரத்தை அப்படியே விட்டுவைக்கும் நிர்வாகத்தைத் தோட்டத்தில் பிறந்தோர் அறிவர். அரித்துப்போன அடிச்சட்டத்தின் மேல் பட்டி அப்பி, பளபளப்பாக்கி, இன்னோர் ஏழையின் தலையில் கட்டுகிறவன் செய்வதும் அதைத்தானே? நாளை பசறை வீதியின் வளைவுகளில் அதே வண்டியில் பள்ளிப் பிள்ளைகள் ஏறிச் செல்வார்கள்.

இதெல்லாம் வெறும் சொத்து மோகம் என்று கடியும் தோழர்களும் உளர். அது நமக்கு முழுவதும் சரியாகப் படவில்லை. தொழிலாளி தன் உழைப்புக்கே அந்நியனாகிறான், வேலைக்கு வெளியேதான் தன்னைத் தானாக உணர்கிறான் என்று 1844 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் மார்க்ஸ் எழுதினார். பறித்த கொழுந்து பறித்தவளுக்குச் சொந்தமில்லை. ஆனால் தேய்த்த தகட்டைக் கையால் தடவி, இன்னும் மேடு இருக்கிறதா என்று பார்க்கும் இளைஞன், எப்போது போதும் என்பதைத் தானே தீர்மானிக்கிறான். மலையில் அந்தத் தீர்மானம் என்றும் கங்காணியிடமும் தராசிடமும் இருந்தது.

'வீட்டில் வைத்து' என்பதில்தான் சிக்கல். லயத்தில் எது தன் வீடு? கூரை ஒன்று, வாசல் பொது, காற்றும் பொது. பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடியே தேய்த்தால் அந்தத் தூள் தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். கடினமாக்கி கலந்து விசிறும் வர்ணங்களிலுள்ள ஐசோசயனேற்று ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. முகத்தில் கட்டும் துணி அதைத் தடுக்காது. தன் கைவேலையின் மகிழ்ச்சிக்கு அடுத்த காம்பராவின் மூச்சை விலையாகக் கொடுக்க யாருக்கு உரிமை?

ஆகவே நீர் விட்டுத் தேய்த்து, சேற்றை வழித்து ஒதுக்க வேண்டும். விசிறுவதை விட்டு, சாதாரண எனாமலைத் தூரிகையால் பூசலாம். பளபளப்புக் குறையும், குறையட்டும். மாரி மழையில் எதுவும் சரியாகக் காயாது. ஜூலை, ஆகஸ்டில் கச்சான் வீசும்போதுதான் ஊவாத் தேயிலை மணம் பெறுகிறது. அந்த உலர்காற்றில் வர்ணமும் நன்றாகக் காயும், தூசிக்கு மட்டும் தார்ப்பாய் கட்டவேண்டும். வண்டியை லயத்துக்கு அப்பால் உருட்டிப்போக நாலுபேர் வேண்டும். அந்த நாலுபேரும் அயல் காம்பராக்காரர்தாம். அவர்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் சிரமம் ஒன்றுமில்லை. அடிச்சட்டத்தில் ஓட்டை கண்டால் முதலில் வெல்டிங் பட்டறைக்குத்தான் போகவேண்டும், வர்ணத்துக்குச் சேர்த்த பணம் முழுதும் அங்கேயே கரைந்தாலும்.