காவலரும் உடைமையாளரும்

மேல்மலையனூர் அங்காளபரமேசுவரி கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துச் சென்று தத்தம் ஊரில் அம்மனுக்குக் கோயில் எழுப்பும் மரபு வட தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பிடிமண் எனப்படும் இவ்வழக்கத்தால் தோன்றிய கோயில்களில் எழுந்தருளும் அம்மன் முழுமையான தெய்வமாகவே வழிபடப்படுகிறாள். பூசைப் பொறுப்பும் திருவிழாச் செலவும் அந்தந்த ஊராரைச் சார்ந்தவை. ஆயினும் மகாசிவராத்திரியை ஒட்டிய மாசி அமாவாசையில் நிகழும் மயானக் கொள்ளை, சிவபெருமானின் கையில் ஒட்டிய பிரம்ம கபாலத்தை அம்மன் நீக்கிய புராணம், அமாவாசை நாளுக்குரிய சிறப்பு ஆகியவை இக்கோயில்களை ஒரே வழிபாட்டு நெறியில் இணைக்கின்றன. மையத்தின் ஆணையின்றிப் பொது நெறியால் மட்டுமே இணைந்து நிற்கும் இத்தகைய அமைப்பில், தெய்வத்தை நம்பும் பக்தர் தெய்வத்தின் பெயரால் பொறுப்பேற்றவரையும் நம்பலாமா என்று தனியே ஆராய வேண்டியவராகிறார்.

இன்றைய பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளங்களில் சேர விரும்புவோர் முன்னும் இதே கேள்வி நிற்கிறது. ஒரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாமல், தனி மனிதர்களும் குழுக்களும் நடத்தும் பல்லாயிரம் சர்வர்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் அமைப்பையே பரவலாக்கப்பட்ட வலைத்தளம் என்பர். சர்வர் என்பது பயனரின் கணக்கு, பதிவு, படம் ஆகியவற்றைச் சேமித்து வைத்துப் பிறருக்கு வழங்கும் கணினி. 2016இல் யூஜன் ரோச்கோ என்னும் மென்பொருளாளர் ஜெர்மனியில் தொடங்கிய மாஸ்டடான் இவ்வகையில் பெயர் பெற்றது. இவ்வகைச் சர்வர்கள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறையை உலகளாவிய வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் தரமாக ஏற்றது. நெறிமுறை பொதுவானது, சர்வரை நடத்துபவரின் குணமோ சர்வருக்குச் சர்வர் மாறுபடுவது.

இந்தியாவில் இந்தக் கேள்வி பரவலாக எழுந்தது 2019இன் பிற்பகுதியில். ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் கூட்டம் முழுவதும் கை உயர்த்தி வணங்கும்போது ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கும் புகழ்பெற்ற ஒளிப்படத்தைத் தம் கணக்கின் முகப்பில் வைத்திருந்ததை ஒட்டி, உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. அதை எதிர்த்துப் பலர் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தனர். ஒரு நிறுவனத்தின் எதேச்சை முடிவிலிருந்து விலகும் உரிமையை அவர்கள் நிலைநாட்டியது பாராட்டத்தக்கது. ஆனால் புதிய இடத்தில் தம் சொல்லைக் காப்பவர் யார், எந்தக் கட்டுப்பாட்டுக்கு அவர் உட்பட்டவர் என்ற வினா அந்த வேகத்தில் பெரிதும் பின்தங்கிப் போனது. வெளியேறுவதற்குத் துணிவு போதும். புகும் இடத்தைத் தேர்வதற்கு ஆராய்ச்சியும் வேண்டும்.

ஆராய்ச்சியின் மையத்தில் இருப்பது ஓர் அறவினா: பிறர் நம்பி ஒப்படைத்ததைக் கையில் வைத்திருப்பவர் அதற்கு உடைமையாளரா, காவலரா? இந்தியச் சட்டம் கோயில் விஷயத்தில் இதற்குத் தெளிவான விடை கண்டிருக்கிறது. தெய்வமே சட்டத்தின் முன் ஒரு நபராகக் கருதப்படுவதால் கோயில் சொத்து தெய்வத்துக்குரியது. அறங்காவலர் அதை நிர்வகிப்பவர் மட்டுமே. மேல்மலையனூரில் பருவதராஜகுலத்தைச் சேர்ந்த பூசாரிகள் தலைமுறைகளாகப் பூசை செய்து வந்தாலும், கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் மேற்பார்வைக்கு உட்பட்டது. 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி கணக்கு எழுதப்பட வேண்டும், தணிக்கைக்கு உட்பட வேண்டும், கடமை தவறும் அறங்காவலரை நீக்கவும் வழியுண்டு. காந்தியடிகள் செல்வரைத் தம் செல்வத்துக்குத் தர்மகர்த்தாவாக இருக்கச் சொன்னதும் இதே எண்ணத்தின் விரிவுதான்.

சர்வரை நடத்துபவரின் கையில் இருப்பதும் இத்தகைய ஒப்படைப்பே. மாஸ்டடானில் இருவருக்கிடையே அனுப்பப்படும் தனிச்செய்திகூட அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி மறையாக்கம் செய்யப்படுவதில்லை. நிர்வாகி விரும்பினால் அதைப் படிக்க இயலும். 2023இல் கொலெக்டிவா என்னும் சர்வரின் நிர்வாகிகளுள் ஒருவர் வீட்டில், சர்வரோடு தொடர்பில்லாத வழக்குக்காக அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை சோதனை நடத்தியபோது, மறையாக்கம் செய்யப்படாத தரவுத்தள நகலும் கைப்பற்றப்பட்டது. அங்கே நிர்வாகியின் உள்ளத்தில் தீமை இல்லை. காவலின் ஒழுங்கில்தான் குறை இருந்தது. நல்லெண்ணம் மட்டும் காவலுக்குப் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

திருக்குறளின் 51ஆம் அதிகாரமாகிய தெரிந்து தெளிதல், ஒருவரை நம்பும் முன் ஆராய்வதையும், ஆராய்ந்து நம்பிய பின் ஐயுறாமையையும் ஒருங்கே வற்புறுத்துகிறது. குற்றமே இல்லாதவரைத் தேடாமல் குணத்தையும் குற்றத்தையும் சீர்தூக்கி மிகுதியைக் கொள்ளவும், செயலையே உரைகல்லாகக் கொள்ளவும் அது வழிகாட்டுகிறது. அரசன் அமைச்சரைத் தேர்வதற்காகச் சொல்லப்பட்ட இந்நெறி, சர்வரைத் தேரும் எளிய பயனருக்கும் அப்படியே பொருந்தும். செயல் என்று இங்கே எதைப் பார்ப்பது? மாஸ்டடான் தன் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற விரும்பும் சர்வர்களுக்கு 2019இல் வகுத்த உடன்படிக்கை ஒரு குறைந்தபட்ச அளவுகோலைத் தருகிறது: இனவெறி, பாலினவெறி முதலியவற்றைத் தடுக்கும் கண்காணிப்பு, நாள்தோறும் காப்புநகல், நெருக்கடியில் சர்வரை அணுகக்கூடிய இன்னொருவர், மூடுவதாயின் குறைந்தது 3 மாத முன்னறிவிப்பு. இவற்றுள் இன்னொருவர் என்ற நிபந்தனையே ஆழமானது. ஒருவர் நோயுற்றாலோ சலிப்புற்றாலோ அழிந்துவிடும் காவல் காவலாகாது.

சர்வரின் வரவு செலவு வெளியிடப்படுகிறதா, நடத்தை விதிகள் எழுத்தில் உள்ளனவா, அதன் இணைய முகவரி யாருடைய அதிகாரத்துக்கு உட்பட்டது ஆகியவையும் பார்க்கத்தக்கவை. 2024 பிப்ரவரியில் குயர்.ஏஎஃப் என்னும் சர்வர் ஆப்கானிஸ்தானுக்குரிய முகவரியைக் கொண்டிருந்த ஒரே காரணத்தால், தாலிபான் அரசு அம்முகவரியை முடக்கியதும் வழக்கமான முகவரியை இழந்தது. வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்பதும் அதே அளவு முக்கியம். மாஸ்டடானில் வேறு சர்வருக்கு மாறும்போது பின்தொடர்வோரை உடன் அழைத்துச் செல்லலாம், பழைய பதிவுகளை அங்கே கொண்டு செல்ல இயலாது என்பதைப் புதிதாகச் சேர்வோர் முன்பே அறிந்திருப்பது நல்லது.

ஊராரின் கையில் இருக்கிறது என்பதாலேயே ஓர் அமைப்பு அறமுடையதாகிவிடாது. தமிழகக் கோயில்களில் பலவற்றின் கதவு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மூடியிருந்தது உள்ளூர் வழக்கத்தின் பெயரால்தான்; அதைத் திறக்க நீண்ட போராட்டமும் 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டமும் தேவைப்பட்டன. பரவலாக்கப்பட்ட வலைத்தளங்களிலும் வெறுப்பைப் பேணும் சர்வர்கள் உண்டு. 2019இல் வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்பெற்ற கேப் என்னும் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது, பல சர்வர்கள் அதனோடு தொடர்பைத் துண்டித்தன. எளியோர் மீதான தாக்குதலை ஒரு சர்வர் எப்படிக் கையாளுகிறது என்பதே அதன் காவலைச் சோதிக்கும் முதன்மை இடம். வேகமும் வசதியும் அதற்குப் பின் வருபவை.

கோயிலுக்குச் சட்டமும் துறையும் தணிக்கையும் உண்டு. தன்னார்வலர் நடத்தும் சர்வருக்கு அத்தகைய தணிக்கையாளர் எவரும் இல்லை. அந்தப் பொறுப்பு முழுவதும் பயனர் மீதே விழுகிறது, அதை அவர் இலவசமாகக் கிடைத்த இடம் என்ற எண்ணத்தில் கைவிடலாகாது. விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருளைக் கிராமப்புற மாணவர்களுக்குக் கற்பித்து வரும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்ற அமைப்புகள் தமிழகத்திலேயே இருக்கின்றன. அவற்றை அணுகிச் சர்வர் இயங்கும் முறையைக் கற்றுக்கொள்வதும், தேர்ந்த சர்வரின் செலவில் தம்மால் இயன்ற பங்கைத் தருவதும், கணக்கையும் விதிகளையும் கேட்டுப் பெறுவதும், இவ்வலைத்தளங்களில் பேச விரும்பும் ஒவ்வொரு தமிழரும் மேற்கொள்ள வேண்டிய கடமைகள்.