உறவு என்றொரு கட்டம்

வங்கிக் குமாஸ்தாவின் வேலையில் பாதி, மனிதர்களைக் கட்டங்களில் அடைப்பது. பெயர் என்று ஒரு கட்டம். அதற்கடுத்து த/பெ அல்லது க/பெ. சேத்தியாத்தோப்பில் எங்கள் கவுண்டருக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்டத்தில் தயங்குவதில்லை. ஒரு ஆணின் பெயரிலிருந்து இன்னொரு ஆணின் பெயருக்கு நகர்வதுதான் ஒருத்தியின் ஜீவிய சரித்திரம் என்று படிவத்தை அச்சடித்தவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். இதைப் பெண்ணுரிமைப் பிரச்னையாக எழுதலாம், எழுதியிருக்கிறார்கள். என் கேள்வி வேறு. அந்தக் கட்டத்தில் இருப்பதற்கும் ஒருத்தி உயிரோடிருப்பதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு என்று சென்னையிலேயே எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். 1982 முதல் 1989 வரை சென்னை நகரப் புற்றுநோய்ப் பதிவேட்டில் மார்பகப் புற்றுநோய் என்று பதிவான பெண்கள் 2,080 பேர். அவர்களில் தொடர்ந்து தகவல் கிடைத்தவர்களை வைத்து அடையாறு புற்றுநோய் நிலையத்தார் செய்த ஆய்வு 1997-இல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்ஸர்' இதழில் வந்தது. ஐந்து வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 48. அந்த 48 பேர் யார் என்று பிரித்துப் பார்த்தபோது நான்கு விஷயங்கள் நின்றன: வயது, நோய் பரவியிருந்த அளவு, படிப்பு, திருமண நிலை. முதலிரண்டும் உடம்பைச் சேர்ந்தவை. பின்னிரண்டும் படிவத்தைச் சேர்ந்தவை. மணமாகாத பெண்கள், கணவனோடு வாழ்ந்தவர்களைவிடக் குறைவாகவே பிழைத்திருந்தனர்.

இதைத் தவறாகப் படிப்பது சுலபம். 'காலாகாலத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தால்' என்று தொடங்கும் வாக்கியம் நம் வீடுகளில் எப்போதும் தயாராக இருக்கிறது. இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்வதால் அதற்கு விஞ்ஞானத்தின் சாயலும் வந்துவிடுகிறது. கன்னியாஸ்திரீகளிடம் இந்த நோய் அதிகம் என்று பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலிய வைத்தியர் ரமாஸ்ஸினி எழுதினார். பிள்ளை பெறுவதும் பாலூட்டுவதும் இந்த நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கின்றன என்று இன்று தெரியும். ஆனால் அது நோய் வருவதைப் பற்றிய விஷயம். வந்த பிறகு யார் பிழைக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. அதற்கு உடம்பில் மட்டும் பதில் தேடிப் பயனில்லை.

2013-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கணக்கெடுப்பு வெளியாயிற்று. மார்பகம் உட்படப் பத்து வகைப் புற்றுநோய்கள், 7,34,889 நோயாளிகள். மணமானவர்களுக்கு நோய் முன்னதாகவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது, முறையான சிகிச்சை கிடைத்திருந்தது, சாவும் குறைவு. இதில் மர்மம் ஒன்றுமில்லை. எங்கள் ஊரிலிருந்து புதுச்சேரிக்கு வடலூர், கடலூர் என்று போக வேண்டும். சீட்டு வரிசையில் நிற்க ஒருவர், பையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் வாந்தி வந்தால் முதுகைத் தடவ ஒருவர். 21 நாளைக்கு ஒருமுறை மறுபடியும் இதே. புள்ளிவிவரத்தில் 'திருமணம்' என்று அச்சாகியிருப்பது பெரும்பாலும் இந்த ஒருவர்தான் என்பது என் அபிப்ராயம். நெய்வேலியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை என்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கவலையில்லை என்று எங்கள் பக்கத்தில் சொல்லிப் பெண் கொடுப்பார்கள். பேசுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்தே இருக்கிறது.

அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது: திருமணத்தால் ஆணுக்குக் கிடைக்கும் லாபம் பெண்ணுக்குக் கிடைப்பதைவிட அதிகம். 2009-இல் வந்த வேறொரு அமெரிக்க ஆய்வு, கடும் நோயில் விழுந்த 515 பேரைப் பின்தொடர்ந்தது. நோயாளி மனைவியாக இருந்தபோது நூற்றுக்கு 20.8 தம்பதிகள் பிரிந்தார்கள். நோயாளி கணவனாக இருந்தபோது 2.9. அது அமெரிக்கா என்று நாம் நகர்ந்துவிட முடியாது. எமனின் பின்னால் நடந்து கணவனை மீட்ட சாவித்திரியின் கதை நம்முடையது. மனைவியை மீட்க எமனின் பின்னால் நடந்த கணவனின் கதையை எந்த நோன்புக்கும் நாம் சொல்வதில்லை. கணவனுக்கு முன் இறந்த பெண்ணை 'பூவும் பொட்டுமாகப் போனாள், கொடுத்துவைத்தவள்' என்கிறோம். ஒருத்தி சீக்கிரம் சாவதை அவள் திருமணத்துக்குக் கிடைத்த பெருமையாகச் சொல்லும் மொழியில், தாலி அவளைக் காப்பாற்றும் என்று நம்புவது விசித்திரம்.

ஆக, காப்பாற்றுவது தாலியில்லை. 2006-இல், இந்நோய் கண்ட 2,835 அமெரிக்க நர்ஸுகளைப் பற்றி வந்த ஆய்வில், யாருமில்லாமல் ஒதுங்கி வாழ்ந்தவர்கள் இந்நோயால் இறப்பது ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. நெருங்கிய உறவினர் இல்லாதவர்கள் மட்டுமல்ல, சிநேகிதர்கள் இல்லாதவர்களும் அதிகம் இறந்தார்கள். கூப்பிட்டால் வருகிறவர் வேண்டும். திருமணம் அதை நிர்ப்பந்தமாக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நிர்ப்பந்தமில்லாத இடத்தில் யார் வருவது? இதுதான் என் பிரச்னை. இதை நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை.

குறுக்கு ரோடு பக்கம் தையல் மெஷின் வைத்திருந்த ஒரு பெண்மணி எங்கள் கிளைக்கு வருவார். ஐம்பது கடந்த, மணமாகாத ஏழைப் பெண்களுக்கு அரசு தரும் ஓய்வூதியம் அவர் கணக்கில் விழும். கவுண்டரில் என்னை 'சார்' என்பார். 2022 பொங்கலுக்கு முன், பயாப்சி முடிவு எழுதிய தாளை என்னிடம் நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு தம்பி" என்றார். ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்ததற்கு அன்று கிடைத்த உபயோகம் அது. அண்ணன் திருப்பூரில் இருந்தார். போன் செய்தால் பணம் அனுப்புவார், வர மாட்டார். "ஆபரேஷனுக்குக் கூட ஒரு ஆள் வேணுமாம்" என்றார் அக்கா. நான் போனேன்.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்று கேட்டிருந்தது. 'தம்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அறுவைக்குப் பின் முதல் இரண்டு கீமோவுக்கும் கூடப் போனேன். மூன்றாவது, மார்ச் கடைசி வாரத்தில் வந்தது. வங்கியில் வருஷக் கணக்கு முடிக்கும் நேரம். "இந்த வாரம் மட்டும் முடியாதுக்கா" என்றேன். "அதுக்கென்ன தம்பி, அடுத்த வாரம் போய்க்கலாம்" என்றார். லீவ் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. கிளையில் ஒருவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னதும், "நாம அவங்களுக்கு யாருங்க?" என்று வீட்டில் மனைவி கேட்டதும் என் மனதில் இருந்தன. மனைவி கேட்டதில் குரோதம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரமும் போகவில்லை. ஒரு மாதம் தள்ளி அவர் தனியாகப் போனார். அப்புறம் இன்னும் ஒரு முறை. பிறகு போகவேயில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 2024 ஐப்பசியில் இறந்துபோனார்.

நான் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? விகிதாசாரம் கூட்டத்தைப் பற்றித்தான் பேசும். ஒருத்தியைப் பற்றி அதனிடம் பேச்சில்லை. அது என்னைக் குற்றவாளியாக்காது. கொஞ்ச நாள் இந்த மௌனத்தில் சௌகரியமாக ஒதுங்கியிருந்தேன். ஆனால் அது என்னை விடுவிக்கவுமில்லை என்பது பிறகுதான் உறைத்தது. சாவுக்கு நான் காரணமா என்பதல்ல கேள்வி. 'தம்பி' என்று எழுதிய பிறகு நான் கடன்பட்டவனா, இல்லையா?

பஸ்ஸில் இடம் கேட்கும்போதுகூட அண்ணே, அக்கா என்கிற ஜனங்கள் நாம். உறவுச் சொற்களை இவ்வளவு தாராளமாக வழங்க முடிவதே அவற்றுக்கு விலை இல்லாததால்தான். படிவத்தில் எழுதியபோது நான் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. இப்போதும் அன்று அது பொய்யில்லை என்றே நினைக்கிறேன். மார்ச் கடைசி வாரத்தில்தான் அது பொய்யாயிற்று.

ஒருவர் ஆட்சேபிக்கலாம்: இரண்டு முறை போனவனைக் கூண்டில் ஏற்றினால், ஒருமுறைகூடப் போகாதவர்கள் நிம்மதியாக இருப்பார்கள், நாளைக்கு யாரும் முதல் உதவிக்கே வர மாட்டார்கள். நியாயமான ஆட்சேபம். ஆனால் போகாதவர்கள் அவரிடமிருந்து ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். அந்தக் கட்டம் காலியாக இருந்திருந்தால் தெருவில் வேறு யாரையாவது கேட்டிருப்பார். நான் அதை நிரப்பியதால் தேடுவதை நிறுத்திவிட்டார். அரைகுறை உபகாரத்தில் இருக்கும் தீங்கு இது. நல்லெண்ணத்தோடு செய்வதால் கண்ணில் படுவதில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். அடையாறு நிலையம் 1954-இல் தொடங்கியது. ஒரு தங்கைக்காகப் பட்ட துக்கம், முப்பது வருஷம் கழித்து, உறவே இல்லாதவர்களுக்கான இடமாயிற்று. உறவில் தொடங்கும் கடமை உறவைத் தாண்டிப் போக ஸ்தாபனம் ஒரு வழி. படுக்கையையும் மருந்தையும் அப்படி ஸ்தாபனமாக்கிவிட்டோம். கூட வருகிறவரை மட்டும் இன்னும் குடும்பத்தின் கணக்கில் விட்டுவைத்திருக்கிறோம். அங்கே குடும்பம் இல்லாதவர்களுக்கு என்னைப் போன்றவர்களின் மனநிலைதான் மிஞ்சுகிறது.

தனிமையைப் பற்றி நம் பத்திரிகைகளில் நிறைய எழுதிவிட்டோம். நானும் எழுதியிருக்கிறேன், அந்நியமாதல், இருத்தலின் வெறுமை என்றெல்லாம். அவற்றைப் பொய் என்று இப்போது சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தத் தனிமை, எழுதுகிறவன் விரும்பினால் எழுந்து வெளியே போய்விடக்கூடிய அறை. பதிவேட்டில் இருக்கும் தனிமைக்கு அந்த வசதி இல்லை. வடலூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருப்பது அது.

அவர் கணக்கில் இருந்த பணத்துக்கு அண்ணனை நியமித்திருந்தார். அவர் திருப்பூரிலிருந்து வந்தார். இறந்தவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் 'அண்ணன்' என்று எழுதினார். ஆதாரங்களைச் சரிபார்த்து, சரியாக இருக்கிறது என்று நான் கையெழுத்திட்டேன்.